கணனிக்கு எஸ்.எஸ்.டீ. போடுமுன் கடன் கணக்கைக் காப்பாற்றுங்கள்

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நமது கரையோரப் பட்டினங்களில் பில் அடிக்கும் கணனி இல்லாத பெரிய கடையை இன்று காண்பது அரிது. புடவைக் கடை, பாமசி, ஹார்ட்வெயார், மொத்தச் சாமான் கடை என எல்லா மேசைகளிலும் ஒரு பெட்டி இருக்கிறது. அவற்றில் பல எட்டு, பத்து வருடப் பழையவை. காலையில் ஸ்விச்சைப் போட்டால் அது எழும்பி வருவதற்குள் ஒரு பிளேன்டீ குடித்து முடித்து விடலாம். நோன்புப் பெருநாளுக்கு முந்திய கிழமையில் சனம் வரிசையில் நிற்கும் போது பில் வராமல் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தால் முதலாளிக்கு வியர்க்கும்.

இந்த நிலையில் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. அன்றிலிருந்து "காக்கா, இந்த கொம்பியூட்டர் சரி வராது, புதிசு ஒண்டு எடுங்க" என்ற பேச்சு நமது கடைகளில் அடிக்கடி கேட்கிறது. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவுக்கு மேல் பாய்ந்ததன் பின்னர் புதிய கணனி எடுப்பது சின்னச் செலவல்ல. ஆகவே பலர் இடைவழி ஒன்றைத் தெரிவு செய்கிறார்கள். பழைய கணனியில் உள்ள ஹார்ட் டிஸ்க்கை எடுத்து விட்டு எஸ்.எஸ்.டீ. என்ற புதிய வகை டிஸ்க்கைப் போட்டு, விண்டோஸை அப்படியே அதற்கு மாற்றிக் கொள்கிறார்கள். எனது கடையிலும் சென்ற வருடம் இதைத்தான் செய்தோம். ஐந்து நிமிடம் எடுத்த கணனி இப்போது அரை நிமிடத்துக்குள் எழும்புகிறது.

வேலை நல்ல வேலைதான். ஆனால் நமது ஆட்கள் இதை டயர் மாற்றுவது போல நினைக்கிறார்கள். டயரை மாற்றும் போது லொறியில் உள்ள சாமானுக்கு ஒன்றும் ஆவதில்லை. டிஸ்க்கை மாற்றும் போது சாமான் முழுவதும் அந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது. கடன் கணக்கு, ஸ்டொக், கொழும்புக் கம்பனிகளுக்குக் கொடுக்க வேண்டியது, வரிக் கணக்கு, ஸகாத் பார்க்க வேண்டிய கையிருப்பு எல்லாம் அதற்குள்தான். ஆகவே வேலையைக் கொடுக்கும் முன்னர் முதலாளி அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தருகிறேன்.

பழைய டிஸ்க் ஏன் இழுபடுகிறது?

ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் தட்டு. நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழலும். அதன் மேல் ஒரு சின்னக் கை அங்குமிங்கும் ஓடித் தேவையானதை வாசிக்கும். 1956 இல் ஐ.பீ.எம். கம்பனி வெளியிட்ட முதலாவது டிஸ்க்கில் 24 அங்குல அகலமான 50 தட்டுகள் இருந்தன. அத்தனை பெரிய இயந்திரத்தில் சுமார் 5 மில்லியன் எழுத்துக்களைத்தான் வைக்கலாம். அதன் பிறகு தட்டு சிறுத்தது, கொள்ளளவு பெருகியது, ஆனால் சுழல்வதும் கை ஓடுவதும் மாறவில்லை.

ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போய் வாசிக்க அந்தக் கைக்கு ஏறக்குறைய ஒரு செக்கனில் நூறில் ஒரு பங்கு தேவை. கேட்பதற்குக் குறைவு போலத் தோன்றும். ஆனால் விண்டோஸ் எழும்பும் போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் பைல்களை வெவ்வேறு மூலைகளிலிருந்து எடுக்கிறது. கடைக்குப் பின்னால் ஸ்டோர் வைத்திருப்பவர்களுக்கு இது விளங்கும். ஒரு பையனை ஒரு மூடை சீமெந்துக்கு அனுப்பினால் உடனே வந்து விடுவான். ஆயிரம் வகை ஆணிக்கு ஆயிரம் தடவை அனுப்பினால் அன்றைய பொழுது முடிந்து விடும்.

எஸ்.எஸ்.டீ. யில் சுழலும் தட்டும் இல்லை, ஓடும் கையும் இல்லை. பென்டிரைவில் உள்ளதைப் போன்ற மின் சில்லுகள்தான். இந்த வகைச் சில்லை 1980 களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் ஜப்பானின் தொஷிபா கம்பனியில் வேலை செய்த புஜியோ மசுவோக்கா. இதில் எந்த மூலையிலிருந்து எடுத்தாலும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஹார்ட் டிஸ்க் செக்கனுக்கு நூறு தடவை எடுத்துத் தரும் இடத்தில் இது பல்லாயிரம் தடவை தரும். பழைய கணனி புதிய கணனி போல ஓடுவதற்குக் காரணம் இதுதான்.

கணனி செலவுக்குத் தகுமா?

எஸ்.எஸ்.டீ. வேகத்தைக் கூட்டும். கணனியின் வயதைக் குறைக்காது. விண்டோஸ் 11 ஐ முறைப்படி போடுவதற்கு டீ.பீ.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் கணனியாக இருந்தால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசர் வேண்டும். ஆகக் குறைந்தது 4 ஜீ.பீ. ரெம் வேண்டும். இவை இல்லாத கணனிக்கு எத்தனை விலை கூடிய எஸ்.எஸ்.டீ. போட்டாலும் அந்தக் கதவு திறக்காது. மைக்ரோசொப்ட்டின் பீ.சீ. ஹெல்த் செக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் ஆம் அல்லது இல்லை என்று அதுவே சொல்லி விடும்.

இல்லை என்று வந்தால் கணனியைத் தூக்கி எறிய வேண்டும் என்பதல்ல. விண்டோஸ் 10 தொடர்ந்து ஓடும். ஆனால் வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. 2017 மே மாதம் வன்னக்ரை என்ற வைரஸ் 150 நாடுகளளவில் கணனிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்னரே வெளியிட்டிருந்தது. அகப்பட்டவை பெரும்பாலும் அதைப் போடாத கணனிகள். ஆகவே திருத்தம் வராத கணனியை இன்டர்நெட்டில் இணைக்காமல் பில் அடிக்க மட்டும் வைத்துக்கொள்வது புத்தி. பேங்க் வேலையை அதில் செய்ய வேண்டாம்.

எதை வாங்குவது?

பழைய டெஸ்க்டொப், லெப்டொப் பெரும்பாலானவற்றுக்கு 2.5 அங்குல சாட்டா வகை பொருந்தும். பிந்திய கணனிகளில் சுவிங்கம் துண்டு போன்ற எம்.2 வகைக்கு இடம் இருக்கும். எம்.2 விலும் சாட்டா, என்.வீ.எம்.ஈ. என்று இரண்டு உண்டு. வெளித்தோற்றத்தில் ஒன்று போல இருந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். கணனியின் மொடல் இலக்கத்தை எழுதிக்கொண்டு போய்க் கேட்டு வாங்குங்கள். என்.வீ.எம்.ஈ. பல மடங்கு வேகம் என்பது உண்மை. ஆனால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மாறும் பில் கணனிக்கு சாட்டா வகையே போதும். பில் அடிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

அளவிலும் ஒரு விடயம். 256 ஜீ.பீ. என்று பெட்டியில் எழுதியிருக்கும். கணனியில் 238 என்று காட்டும். கடைக்காரன் ஏமாற்றி விட்டான் என்று சண்டைக்குப் போக வேண்டாம். கம்பனி ஆயிரத்தால் எண்ணுகிறது, விண்டோஸ் 1,024 ஆல் எண்ணுகிறது. அவ்வளவுதான். உண்மையான ஏமாற்று வேறு இடத்தில் உண்டு. 2 ரீ.பீ. என்று எழுதி நம்ப முடியாத விலைக்கு விற்கும் பெயர் தெரியாத டிஸ்க்குகளில் சில, உள்ளே மிகச் சிறிய சில்லை வைத்துப் பெரிய அளவு காட்டும்படி செய்யப்பட்டவை. போட்டதெல்லாம் போனது போலத் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கினாலும் கல்முனையில் வாங்கினாலும் பில்லும் உத்தரவாதமும் உள்ள இடத்தில் வாங்குங்கள். 2025 இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுக் கணனிகளுக்கான தேவையால் உலகச் சந்தையில் நினைவகச் சில்லுகளின் விலை ஏறத் தொடங்கியது. அதனால் மலிவாகக் கிடைப்பதை இரண்டு முறை பார்க்க வேண்டும்.

உங்கள் கணக்கு எங்கே இருக்கிறது?

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம்.

விண்டோஸை மாற்ற இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று குளோன், அதாவது பழைய டிஸ்க்கில் உள்ளதை ஒரு எழுத்தும் விடாமல் புதியதுக்குப் பிரதி எடுப்பது. மற்றது புதிய டிஸ்க்கில் விண்டோஸைப் புதிதாகப் போட்டு, பைல்களை மட்டும் எடுத்து வைப்பது. வைரஸ் பிடித்த, குப்பை நிறைந்த கணனிக்கு இரண்டாவது வழி சுத்தமானது. ஆனால் அதில்தான் கடைகள் அழிகின்றன.

எப்படி என்றால், வேலை செய்யும் பையன் டெஸ்க்டொப்பில் உள்ளதையும் மை டொக்கியுமன்ட்ஸில் உள்ளதையும் ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்து விட்டுப் பழைய டிஸ்க்கை போமட் செய்து விடுகிறான். கலியாணப் படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கும். கடைக் கணக்கு இருக்காது. ஏனென்றால் பில் மென்பொருட்கள் பல கணக்கை அங்கே வைப்பதில்லை. மைக்ரோசொப்ட் எஸ்.கியூ.எல். சேர்வரைப் பாவிக்கும் மென்பொருளின் கணக்கு வழமையாக புரோகிராம் பைல்ஸ் போல்டருக்குள் எங்கோ ஆழத்தில் இருக்கும். டெலி போன்றவை தமக்கென்று தனிப் போல்டர் வைத்திருக்கும். மென்பொருளை எழுதியவரைக் கேட்காமல் அதை ஊகிக்க முடியாது.

நமது பகுதியில் எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரிக்கு இது நடந்தது. மொத்தச் சாமான் கடை. சம்மாந்துறைப் பக்கம் வேளாண்மைக்காரருக்கு அறுவடை வரை கடன் கொடுப்பவர். டிஸ்க் மாற்றிய மறுநாள் மென்பொருளைத் திறந்தால் வாடிக்கையாளர் பட்டியல் வெறுமையாக இருந்தது. பழைய டிஸ்க் போமட் செய்யப்பட்டு வேறொரு கணனிக்குப் போய் விட்டது. அவரிடம் மிஞ்சியது ஞாபகம் மட்டும். ஒவ்வொரு வீடாகப் போய், "உங்கட கொப்பியில எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார். பலர் தமது சின்னக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டி உள்ளதைக் கட்டினார்கள். சிலர் கொப்பி தொலைந்து விட்டது என்றார்கள். அவர்களோடு வாதாட இவரிடம் ஒரு துண்டுக் கடதாசி கூட இல்லை. புதிய டிஸ்க்கின் விலை ஒரு மூடைச் சாமானின் இலாபம். போன கடன் ஒரு வருட உழைப்பு.

வேலைக்கு முன் செய்ய வேண்டியவை

1. பில் மென்பொருளுக்குள் பெக்கப் என்ற வசதி இருக்கும். அதைக் கொண்டே பிரதி எடுங்கள். மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும் போது போல்டரை இழுத்துப் போட்டு எடுத்த பிரதி பல வேளை திறக்காது.

2. அந்தப் பிரதியை வேறொரு கணனியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி, எண்ணிப் பார்க்காத காசுக் கட்டுப் போன்றது.

3. கடன்காரர் பட்டியலையும் கொடுக்க வேண்டியோர் பட்டியலையும் கடதாசியில் அச்சிட்டுத் திகதி போட்டு வையுங்கள்.

4. மென்பொருள் விற்றவரிடம் கேளுங்கள். சில மென்பொருட்களின் அனுமதி டிஸ்க்கின் இலக்கத்தோடு கட்டப்பட்டிருக்கும். டிஸ்க் மாறினால் பூட்டிக்கொள்ளும். திறக்கும் இலக்கத்தை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

5. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளால் பழைய டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். எச்சரிக்கை காட்டினால் குளோன் செய்யத் தொடங்காமல் முதலில் கணக்கை மட்டும் எடுங்கள். நோயாளியான டிஸ்க்கை மணிக்கணக்காக ஓட வைத்தால் பாதியில் மடியலாம்.

6. பிட்லொக்கர் பூட்டுப் போடப்பட்டிருந்தால் அதன் 48 இலக்கத் திறப்பு எண்ணை எழுதி வையுங்கள்.

மாற்றும் நேரத்தில்

கடை பூட்டிய பிறகு இந்த வேலையைச் செய்யுங்கள். யூ.பீ.எஸ். இல்லாமல் தொடங்க வேண்டாம். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டுக் கண்ட நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. 100 ஜீ.பீ. கணக்குள்ள பழைய டிஸ்க்கை யூ.எஸ்.பீ. வயரால் பிரதி எடுக்க ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலோ போகலாம். சாம்சுங் போன்ற கம்பனிகள் தமது டிஸ்க்குக்கு இதற்கான மென்பொருளை இலவசமாகத் தருகின்றன. குளோன்சில்லா என்பதும் இலவசம். ஆனால் அது வழமையாகப் புதிய டிஸ்க் பழையதின் அளவோ அதை விடப் பெரிதாகவோ இருக்க வேண்டும் என்று கேட்கும்.

மென்பொருள் எதுவானாலும் ஒரு இடத்தில் அது கேட்கும்: எதிலிருந்து, எதற்கு? இரண்டையும் மாற்றிச் சொன்னால் வெறும் டிஸ்க் நிறைந்த டிஸ்க்கின் மேல் பிரதியாகி விடும். அதன் பின்னர் அழுவதற்கும் நேரம் இல்லை. அந்தப் பொத்தானை அழுத்தும் போது முதலாளியும் பக்கத்தில் இருக்க வேண்டும். டிஸ்க்கின் மொடலையும் அளவையும் வாய்விட்டு வாசித்து விட்டு அழுத்தச் சொல்லுங்கள்.

முடிந்ததும் கணனியை அணைத்து, பழைய டிஸ்க்கைக் கழற்றி விட்டுப் புதியதில் மட்டும் எழுப்புங்கள். இரண்டையும் சேர்த்து விட்டால் கணனி பழையதிலேயே எழும்பக்கூடும். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுதான். நீங்கள் புதியதில் பில் அடிப்பதாக நினைத்துப் பழையதில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். பிறகு யாராவது பழையதைச் சுத்தம் செய்தால் அந்தக் கிழமை வியாபாரம் காணாமல் போகும்.

புதியதில் எழும்பியதும் விண்டோஸ் வந்து விட்டது என்று காசைக் கொடுத்து விட வேண்டாம். கடைசிப் பில் இலக்கம், அன்றைய விற்பனைத் தொகை, மொத்தக் கடன் தொகை மூன்றையும் அச்சிட்ட பட்டியலோடு ஒப்பிடுங்கள். பில் பிரின்டரில் ஒரு துண்டு அடியுங்கள். பார்கோட் ஒன்றை வாசியுங்கள். எல்லாம் சரி என்றால்தான் வேலை முடிந்தது.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது?

அதில் திகதியை எழுதி ஒரு மாதமாவது அலுமாரியில் பூட்டி வையுங்கள். மாத முடிவுக் கணக்கு ஒழுங்காக வந்த பிறகே அதைப் பற்றி யோசியுங்கள். வேலை செய்த இடத்தில் விட்டு வரவோ ஐந்நூறு ரூபாவுக்குக் கழித்துக்கொள்ளவோ வேண்டாம். சாதாரண போமட் எதையும் உண்மையில் அழிப்பதில்லை. பட்டியலை மட்டும்தான் நீக்கும். உங்கள் வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கமும் கடனும் இன்னொருவர் கைக்குப் போகலாம். நம்மை நம்பிக் கடன் வாங்கியவரின் விபரம் அமானிதம். 2022 இல் நமது நாட்டிலும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 9 ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேற்றப்பட்டுள்ளது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இன்னுமொரு விடயம். ஹார்ட் டிஸ்க் பழுதாகும் முன்னர் பல வேளை கடகட என்று சத்தம் போட்டு, மெதுவாகி, நமக்கு அறிகுறி காட்டும். எஸ்.எஸ்.டீ. அப்படி அல்ல. நேற்று நன்றாக ஓடியது இன்று மூச்சில்லாமல் கிடக்கலாம். அதிலிருந்து கணக்கை மீட்பதும் கடினம். மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் அலுமாரியில் வைத்தாலும் அதில் உள்ளது அழியக்கூடும். ஆகவே எஸ்.எஸ்.டீ. போட்ட கடைக்குப் பிரதி எடுக்கும் பழக்கம் முன்னரை விட அதிகமாகத் தேவை. வேகத்துக்கு எஸ்.எஸ்.டீ., அலுமாரியில் வைக்கும் பிரதிக்கு ஹார்ட் டிஸ்க் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரதி எந்த இடத்தில்?

பிரதி எடுப்பவர்களிலும் பலர் அந்தப் பென்டிரைவைக் காசு மேசை லாச்சியிலேயே போட்டு வைக்கிறார்கள். கள்ளன் வந்தாலும் தீப்பிடித்தாலும் இரண்டும் சேர்ந்து போகும்.

இதை நமது கரைக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 இல் இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். உயிரிழப்பின் முன்னே வேறு எந்த இழப்பும் பெரிதல்ல. ஆனாலும் உயிர் தப்பிய வியாபாரிகள் மீண்டும் எழும்ப முயன்ற போது கடலோடு போன கடன் கொப்பிகள் அவர்களுக்குத் தேவைப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளம் நாட்டின் பல மாவட்டங்களில் கடைகளுக்குள் புகுந்தது. கடலும் வெள்ளமும் கணனியா கொப்பியா என்று பார்த்து வருவதில்லை.

கொப்பிக் காலத்தில் ஒரு கொப்பியை இரண்டு ஊரில் வைக்க வழி இருக்கவில்லை. இன்று இருக்கிறது. ஒரு பிரதி கடையில், ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி கடலுக்குத் தூரமான உறவினர் வீட்டிலோ இன்டர்நெட்டிலோ இருக்கட்டும். கூகுள் ட்ரைவ் 15 ஜீ.பீ. வரை இலவசமாக இடம் தருகிறது. சாதாரண கடை ஒன்றின் கணக்குக்கு அது தாராளம். பாஸ்வேட் போட்டு ஏற்றுங்கள். அந்தப் பாஸ்வேட் உங்களோடு சேர்த்து வீட்டில் நம்பிக்கையான இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

எஸ்.எஸ்.டீ. போடுவது இந்தக் காலத்தில் ஒரு கடைக்கு மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் பெரிய வசதி. தாராளமாகப் போடுங்கள். ஆனால் பையனைக் கூப்பிடும் முன்னர் இன்று இரவு கடை பூட்டும் போது ஒரு பெக்கப் எடுத்து, கடன் பட்டியலை அச்சிட்டு வீட்டுக்குக் கொண்டு போங்கள். டிஸ்க்கை நாளைக்கோ அடுத்த மாதமோ மாற்றலாம்.